தகப்பன் பெயர் எழுதாத பெட்டி

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு யார் வீட்டுப் பிள்ளை என்று தேடப் போகவேண்டாம். அந்தப் பிள்ளையிடமும் தாயிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம். அவர்கள் கேட்டபடி பெயரும் தோட்டமும் இதில் வராது.

சென்ற தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்தோம். ஒரு தாளில் பெட்டி பெட்டியாகக் கீறி, பிள்ளையின் பெயர், அம்மா அப்பா, அவர்களுடைய பெற்றோர், அதற்கும் மேலே தெரிந்தவர்கள் என்று குடும்ப மரம் வரைந்து வரவேண்டும். நம் பாடசாலையில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாரும் ஆசையாக வரைந்து வந்தார்கள். ஒருவன் மட்டும் தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தான். கேட்டால், "சேர், அம்மாயியோட அப்பா பெட்டியில என்ன எழுதணும்னு தெரியல. அம்மாயி சொல்ல மாட்டேங்குது" என்றான்.

பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "சுத்தான்னு எழுது!" வகுப்பே சிரித்தது.

அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் வெளிறிய கண், செம்பட்டை முடி. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பட்டப்பெயர்தான். உண்மையைச் சொன்னால், ஆசிரியர் அறையில் நாங்களும் ஓரிரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இந்தப் பதிவு எழுத அதுவும் ஒரு காரணம்.

அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். ஒப்பந்தம் முடிய இன்னொரு ஒப்பந்தம், அதன் பிறகு இன்னொன்று. வளர்த்தது அம்மாயிதான். அம்மா என்றால் அவனுக்கு டெலிபோனில் வரும் குரலும் மாதம் தவறாமல் வரும் காசும். பத்து வருடங்கள் கழித்து இந்த வருடம்தான் அவர் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். வந்த முதல் வாரம் பிள்ளை அவரை "அம்மா" என்று கூப்பிடவில்லையாம். "இங்க பாருங்க", "வாங்க" என்று மொட்டையாகத்தான் பேசினானாம். தாயே பின்னர் எங்களிடம் சொல்லி அழுதார்.

அந்த வாரத்தில்தான் மடித்த தாளை அவர் பார்த்திருக்கிறார். "நாலு பேர் சொல்லிச் சிரிக்கிறத என் பிள்ளை என் வாயால கேட்கட்டும்" என்று ஒரு ராத்திரி உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மாயியின் தாய் தோட்டத்துப் பங்களாவில் ஆயாவாக வேலை செய்தவர். அம்மாயியின் தகப்பன் அந்தப் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை. 1950களின் கதை. பிள்ளை பிறக்கும் முன்பே துரை லீவில் சீமைக்குப் போனவர், திரும்ப அந்தத் தோட்டத்துக்கு வரவில்லை. அம்மாயியின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

நாலு சுவருக்குள் முடங்கவேண்டிய குடும்பக் கதை என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. நம் மலைநாட்டின் வரலாற்றில் இது ஒரு பாடம். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம்.

தேயிலையின் கதையை நாம் எப்படிப் படித்தோம்? 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார், 1869 இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தது, பிறகு மலையெல்லாம் தேயிலையானது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த டெய்லர் 1852 இல் ஸ்கொட்லாந்திலிருந்து இங்கே வந்தபோது வயது 16 என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? நம் உயர்தர வகுப்புப் பையனின் வயது. 1892 இல் இறக்கும்வரை அவர் அந்தத் தோட்டத்திலேயே இருந்தார். அவரைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் இளம் வயதில், தனி ஆளாக, காட்டுக்கு நடுவே ஒரு பங்களாவுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னர் கம்பனிகள் தோட்டங்களை எடுத்தபோது, சின்னத்துரைமார் கலியாணம் முடிக்கக் கம்பனியின் சம்மதம் வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. முதல் ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருக்கவேண்டும். அதன் பிறகு லீவில் போய் சீமையிலிருந்து ஒரு துரைசானியைக் கூட்டிவருவார்கள்.

அந்த இடைப்பட்ட வருடங்களில் பங்களாவின் பின்வாசலால் யார் உள்ளே போனார்கள், யாருக்கு அழைப்பு வந்தது என்பது லயத்துக்கு லயம் தெரியும். யாரும் பேசமாட்டார்கள். துரை என்றால் வேலை கொடுப்பவர், வேலையை நிறுத்துபவர், லயத்து அறையைக் கொடுப்பவர், பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பக்கூடியவர். அப்படிப்பட்டவரிடம் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணோ ஆயாவோ "மாட்டேன்" என்று சொல்வது எப்படி? சில இடங்களில் இருவருக்கும் இடையில் பாசமும் இருந்திருக்கும். துரை கடைசிவரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட குடும்பங்களும் இருந்திருக்கும். ஆனால் இரண்டு பேரின் கையிலும் ஒரே அளவு அதிகாரம் இருக்கவில்லை. இதை மறந்துவிட்டு அந்தப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம்.

வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 1909 இல் லண்டனில் காலனிகளுக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த கிரூ பிரபு, அரசாங்க உத்தியோகத்தர்கள் உள்ளூர்ப் பெண்களை வைத்துக்கொள்வதைக் கண்டித்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஆட்சியின் கௌரவம் கெட்டுப்போகும் என்பதுதான் அதில் இருந்த பெரிய கவலை. தோட்டத்துரைமார் அரசாங்க உத்தியோகத்தர்கள் இல்லை. ஆகவே அவர்களை அது கட்டுப்படுத்தவும் இல்லை.

சட்டம் ஒன்றும் இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1889 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கப் பராமரிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, கலியாணம் முடிக்காமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடமிருந்து செலவுக் காசு கேட்டு ஒரு தாய் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் பிள்ளை பிறந்து 12 மாதங்களுக்குள் போகவேண்டும், அல்லது அந்தக் காலத்துக்குள் அந்த ஆள் பிள்ளைக்குச் செலவு செய்ததை நிரூபிக்கவேண்டும். தாயின் சொல் மட்டும் போதாது, அதற்குத் துணையாக வேறு சாட்சியும் வேண்டும்.

இப்போது அந்த ஆயாவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கைப்பிள்ளையோடு மலையிலிருந்து இறங்கி நகரத்து நீதிமன்றத்துக்கு வரவேண்டும். அன்றைய பேர் போடுவது இல்லாமல் போகும். யார் சாட்சி சொல்வார்? பங்களா அப்புவா? தோட்டக்காரனா? கங்காணியா? எல்லாருடைய சோறும் துரையின் கையில். துரையோ கப்பலில். 12 மாதம் எப்படிப் போகும் என்று தெரியாமலே போய்விடும். சட்டப் புத்தகத்தில் திறந்திருந்த கதவு லயத்திலிருந்து பார்த்தால் மூடித்தான் இருந்தது. அந்தச் சட்டம் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நூறு வருடங்களுக்கு மேல் நடைமுறையில் இருந்தது.

அப்படிப் பிறந்த பிள்ளைகள் எங்கே போனார்கள்? பலர் லயத்திலேயே தாயோடு வளர்ந்து, தோட்டத்திலேயே பேர் பதிந்து, நம்மில் ஒருவராகக் கலந்துவிட்டார்கள். சிலர் இல்லங்களுக்குப் போனார்கள். நுவரெலியாவில் பேன்டர் குடும்பத்தார் நடத்திய பிள்ளைகள் இல்லத்தை மூத்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐரோப்பியத் துரைமாருக்கும் உள்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அந்தக் குடும்பமே ஒரு கலப்புக் குடும்பம்தான். தகப்பன் ஆர்னல்ட் பேன்டர் ஆங்கிலேயர், தாய் அனகி வீரசூரிய சிங்களப் பெண். அவர்களுடைய மகன்தான் பெயர்பெற்ற ஓவியர் டேவிட் பேன்டர். 1900 இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். கண்டி திருத்துவக் கல்லூரியின் தேவாலயச் சுவரில் இருக்கும் பெரிய ஓவியங்கள் அவருடைய கைவேலை. ஒரே மாதிரிக் கலப்பில் பிறந்தவர்கள்தான் அவரும் அந்த இல்லத்துப் பிள்ளைகளும். தகப்பன் கைப்பிடித்து நின்றதால் ஒருவர் லண்டன் றோயல் அக்கடமிவரை போனார். மற்றவர்களுக்குத் தகப்பன் யார் என்பதே கேள்வி. வித்தியாசம் இரத்தத்தில் இல்லை, தகப்பன் நின்றாரா போனாரா என்பதில் இருந்தது.

இந்தியாவின் தேயிலை மலைகளிலும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். டார்ஜீலிங்குக்குப் பக்கத்தில் கலிம்பொங் என்ற ஊரில் ஜோன் அன்டர்சன் கிரகாம் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், அஸ்ஸாம், டார்ஜீலிங் தோட்டத்துரைமாரின் கலப்பினப் பிள்ளைகளுக்காக 1900 செப்டெம்பர் 24 ஆம் திகதி ஓர் இல்லம் தொடங்கினார். முதலில் ஆறு பிள்ளைகள். பிறகு நூற்றுக்கணக்கில் பெருகியது. இன்று அது டாக்டர் கிரகாம்ஸ் ஹோம்ஸ் என்ற பெயரில் பெரிய பாடசாலை. பிள்ளைகள் தோட்டத்திலிருந்து ஒருமுறை வந்துவிட்டால் தாயிடம் திரும்பிப் போவது அநேகமாக இல்லை. தாயின் மொழியும் பழக்கமும் மறக்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 1908 முதல் 1938 வரை அங்கே வளர்ந்தவர்களில் 130 பேரை நியூசிலாந்துக்கு அனுப்பினார்கள். பெண்பிள்ளைகள் வீட்டு வேலைக்கு, ஆண்பிள்ளைகள் பண்ணை வேலைக்கு.

நியூசிலாந்தில் அவர்கள் கலியாணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பழைய கதையைப் பேசாமலே வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒன்றும் தெரியாது. அப்படி ஒருவரின் பேத்திதான் ஜேன் மெக்கேப் என்ற வரலாற்றாசிரியர். தன் பாட்டி எங்கிருந்து வந்தார் என்று தேடிப்போய், கலிம்பொங்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு பத்திரமாக இருப்பதைக் கண்டார். பிறகு மற்றக் குடும்பங்களையும் தேடிச் சேர்த்து 2017 இல் ஒரு புத்தகம் எழுதினார். எத்தனையோ பேர் வயதான காலத்தில்தான் தங்களுக்குள் ஓர் இந்தியத் தாயின் இரத்தம் இருப்பதை அறிந்தார்கள். அந்தக் கோப்புகளில் தகப்பன் எழுதிய கடிதம் இருக்கும், அவர் கட்டிய காசுக்குக் கணக்கு இருக்கும். தாயின் பெயரைத் தேடினால்தான் கிடைப்பது கஷ்டம்.

இங்கேயும் அப்படித்தான். டிக்கோயாவில் 1878 இல் கட்டிய வார்லி தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். பொகவந்தலாவைத் தேவாலயத்துக்கும் போய்ப் பாருங்கள், பெயர்பெற்ற புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கமரன் அடங்கியிருக்கும் இடம் அது. துரைமாரின் பெயர், பிறந்த ஊர், திகதி எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. அவர்களுக்குச் சமைத்து, பிள்ளை வளர்த்து, சிலவேளை அவர்களுக்கே பிள்ளை பெற்ற பெண்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதைக்கப்பட்டார்கள். கல் இல்லை.

1948 க்குப் பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு அடி விழுந்தது. அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜாவுரிமையைத் தகப்பன் வழியில் வைத்தது. கலியாணத்துக்கு வெளியே பிறந்தவர் என்றால் தாய் வழி பார்க்கவேண்டும். தாயோ மலையகத் தமிழ்ப் பெண், அந்தச் சட்டத்தாலேயே நாடற்றவரானவர். சீமைத் துரையின் பிள்ளைக்குச் சீமையும் இல்லை, இலங்கையும் இல்லை. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் வெளிறிய கண்களோடு யாராவது இருந்திருந்தால், அவர்கள் இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ தேயிலை பறித்துக்கொண்டிருப்பார்கள். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். பிள்ளைகள் போகவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். "நமக்கு என்ன, நாம் முஸ்லிம்கள், நம் கதை வேறு" என்று சொல்லமுடியுமா? நம் மூதாதையர் அரபு நாட்டு வியாபாரிகள் என்று பெருமையோடு சொல்கிறோம். கப்பலில் வந்தவர்கள் ஆண்கள். அவர்கள் கலியாணம் முடித்தது இந்த மண்ணின் பெண்களை. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் நம்மைப் பற்றிக் கட்டுரை வாசித்ததும், 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்குப் பதில் எழுதியதும் நம் வாப்பாமார் யார் என்ற பெரிய விவாதம். உம்மாமாரின் பெயரை யாரும் தேடவில்லை. நம் ஊர் மலாய்க் குடும்பங்களைப் பாருங்கள். 1873 இல் இலங்கை ரைபிள் படையைக் கலைத்த பிறகு பலர் பொலிஸுக்கும் தோட்ட வேலைக்கும் மலையேறி வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் சோனகர், சிங்களவர், தமிழர் என்று எத்தனை கலப்பு! நம்மில் தனி இரத்தம் என்று சொல்ல யாருக்கு முடியும்?

நம் மார்க்க வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) சின்ன வயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்தார். பல வருடங்கள் தேடிய தகப்பன் ஹாரிஸா ஒருநாள் மக்காவுக்கே வந்துவிட்டார். போகிறாயா இருக்கிறாயா என்று முடிவு செய்யும் உரிமையை நபியவர்கள் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். அவர் இருப்பதாகச் சொன்னார். பின்னாளில் ஸைத், ஹபஷா நாட்டுப் பெண்ணான உம்மு அய்மன் (ரழி) அவர்களை மணந்து உஸாமா (ரழி) பிறந்தார். தகப்பன் வெள்ளை, மகன் கறுப்பு. ஊரில் கிசுகிசு. ஒருநாள் இருவரும் ஒரே போர்வைக்குள் கால் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தபோது, அங்க அடையாளம் பார்ப்பதில் தேர்ந்த ஒருவர் இந்தக் கால்கள் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று சொன்னார். அதைக் கேட்டு நபியவர்களின் முகம் சந்தோஷத்தால் மலர்ந்ததாக ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். நிறத்தை வைத்து ஒரு பிள்ளையின் பிறப்பைப் பேசியவர்களால் அவர்களுடைய மனம் எவ்வளவு நொந்திருந்தால் அப்படி மகிழ்ந்திருப்பார்கள்! அதே உஸாமாவைத்தான் இளவயதிலேயே படைக்குத் தளபதி ஆக்கினார்கள்.

நம் பிள்ளையிடம் வருவோம். தாய் எல்லாவற்றையும் சொன்ன இரவு அவன் ஒன்றும் பேசவில்லையாம். விடிந்ததும் அம்மாயியிடம் போய்க் கேட்டது ஒரே கேள்வி: "ஒங்க அம்மா பேரு என்ன?" எழுபது வயதுக் கிழவி, வாழ்நாள் முழுவதும் அந்தப் பேச்சையே எடுக்காதவர், பேரனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தாயின் பெயரைச் சொன்னாராம். பெயரோடு கதையும் வந்தது. பங்களாவை விட்டபிறகு அந்தத் தாய் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து, ஒற்றை ஆளாக மகளை வளர்த்து, கலியாணம் முடித்துக் கொடுத்திருக்கிறார். யாரிடமும் கை நீட்டவில்லையாம்.

அதற்குப் பிறகுதான் அவன் தன் தாயை "அம்மா" என்று கூப்பிட்டான். தான் பிறக்க முன்பே ஒரு பெண் தனியாக நின்று தன் வம்சத்தை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார், குவைத்தில் பத்து வருடம் தன் அம்மா செய்ததும் அதே வேலைதான் என்று அவனுக்கே பட்டிருக்கவேண்டும். எங்களால் விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தாளைக் கொண்டுவந்து தந்தான். அம்மாயியின் அப்பா பெட்டியில் "சின்னத்துரை, பெயர் தெரியாது" என்று சிறிய எழுத்தில் இருந்தது. பக்கத்துப் பெட்டியில் பூட்டியின் பெயர் பெரிய எழுத்தில், சிவப்புப் பேனாவால். அதை வகுப்புச் சுவரில் நடுவில் ஒட்டினோம். பின் வாங்கில் சிரித்தவன் அவனாகவே வந்து ஒட்டுவதற்கு டேப் பிடித்தான்.

ஊரவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

பட்டப்பெயரை நிறுத்துவோம். சுத்தா, பூனைக்கண்ணன், சட்டைக்காரன் என்று பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் நிறுத்துகிறோம்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் தாய்மாரைக் குறை சொல்லும் முன் கொஞ்சம் யோசிப்போம். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்து, சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாரைப் போகவேண்டாம் என்றார்கள். 2022 இல் டொலர் தேவைப்பட்டபோது அதே விதியைத் தளர்த்தினார்கள். அந்தத் தாய்மாரின் காசில்தான் நம் கடைகளில் வியாபாரம் நடந்தது. திரும்பி வந்தவருக்கும் பிள்ளைக்கும் பழகிக்கொள்ளக் காலம் கொடுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் தாயைத் தேடி நம் தோட்டங்களுக்கு வந்தால் உதவி செய்யுங்கள். 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். அதில் நடந்த மோசடிகளை 2021 இல் நெதர்லாந்து அரசாங்கத்தின் ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டது. வருகிறவர்களிடம் காசு பறிக்காமல் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கண்டுபிடிக்கப்படும் தாய்க்கு இப்போது வேறு குடும்பம் இருக்கலாம். லயத்து வாசலில் நின்று சத்தம்போட்டுக் கேட்கவேண்டாம். முதலில் அவரிடம் தனியாகக் கேளுங்கள். பார்ப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

கடைசியாக, வீட்டில் எழுபது எண்பது வயதில் யாராவது இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து தாயின் பெயர், தாயின் தாயின் பெயர் கேட்டு எழுதி வையுங்கள். பழைய செக்ரோல் துண்டு, பற்றுச்சீட்டு, மங்கிப்போன போட்டோ எதுவானாலும் எறியவேண்டாம். பாடசாலைக்குக் கொண்டுவந்தால் படம் எடுத்துவிட்டு அசலைத் திருப்பித் தருவோம்.

அடுத்த தவணை தரம் 9 இற்கு அதே வேலையைத்தான் கொடுக்கப் போகிறோம். ஒரு மாற்றம் மட்டும். தாய் வழிப் பெட்டிகளை முதலில் நிரப்பச் சொல்வோம்.

வஸ்ஸலாம்.